பெருங்கெண்டையின் நான்கு மீசை

அந்தக் காலத்தில் மீனுக்கும் பேச்சு இருந்தது, பறவைக்கும் இருந்தது. ஆற்றோரமாக நடந்து போகிறவனை ஆமை நிறுத்தி, எங்கே இவ்வளவு தூரம் என்று விசாரிக்கும். அவனும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவான். பேச்சு இருந்ததால் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது பெருங்கெண்டைக்கு மீசை கிடையாது. வாய் வழவழவென்று இருக்கும். அது மலையில் வாழ்கிற மீனும் அல்ல. கீழே, ஊர்களை ஒட்டிய ஆற்றில்தான் கூட்டம் கூட்டமாகத் திரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை என்றால் பெருங்கெண்டையைப் பிடித்துச் சாறு வைத்துக் கொடுப்பார்கள். குடித்த மறுநாளே பால் ஊறும். ஆற்றங்கரையில் பிள்ளை பிறக்காத வருஷம் ஏது? பிடித்துக்கொண்டே இருந்தார்கள். கெண்டையும் ஒவ்வொரு மடுவாக மேலே நகர்ந்து, கடைசியில் வீடும் வயலும் இல்லாத மேலாற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் வலை வீசப் போவதில்லை. வழியெல்லாம் பாறை, இடையில் யானைத் தடம். போய்வருகிற பாட்டுக்குக் கிடைக்கிற மீன் கட்டுப்படியாகாது.

மீன் பிடிக்கிற சனங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வலையைத் தோளில் போட்ட பிறகு மீனோடு பேசக் கூடாது. கொக்கோடு பேசலாம், தவளையோடு பேசலாம், மீனோடு மட்டும் கூடாது. பேசிவிட்டால் கொல்வதற்குக் கை வராது. பிள்ளைகுட்டி சௌக்கியமா என்று கேட்ட வாயால் அதையே குழம்பு வைத்துத் தின்ன முடியுமா? அதனால் மீன் என்ன கேட்டாலும் காது கேளாதவர்கள் மாதிரி இருந்துவிடுவார்கள். யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் யோசித்து வைக்கவில்லை.

ஆறு சமவெளியில் இறங்குகிற இடத்தில் சில குடிசைகள். அதில் ஒன்றில் ஒண்டியப்பன் என்ற வலைக்காரனும் அவன் மனைவி மாராத்தாளும் இருந்தார்கள். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, ஒரு கோடையில் பெண் குழந்தை பிறந்தது. மாராத்தாளுக்குப் பால் வரவில்லை. அந்தக் குடிசைகளில் பால் கொடுக்கிற நிலையில் வேறு பெண்ணும் இல்லை. ஆட்டுப்பால் கொடுத்தால் குழந்தை கக்கியது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தார்கள். முதலில் வீறிட்டு அழுத பிள்ளை, பிறகு முனக ஆரம்பித்தது. அந்த முனகலைக் கேட்டதும் ஒண்டியப்பன் வலையை எடுத்துத் தோளில் போட்டான்.

அவன் கிளம்பும்போது மாராத்தாள் படுத்தபடியே சொன்னாள்: "வலையில வந்த மீனாப் பாத்துக் கொண்டாங்க. காய் போட்டுப் புடிச்சது ஆகாது. அந்தச் சாறு குடிச்சா ஊற இருக்கற பாலும் வத்திப் போயிரும்."

அவள் சொன்னது மருக்காரைக் காயை. அதை இடித்துத் தேங்கின தண்ணீரில் கரைத்தால் மீன் கண் இருண்டு மயங்கி மேலே வந்துவிடும். சும்மா அள்ளிக்கொள்ளலாம். அப்படிப் பிடித்த மீனைப் பால் கொடுப்பவளுக்குக் கொடுக்க மாட்டார்கள். இது வலைக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று தலையாட்டிவிட்டு ஒண்டியப்பன் நடந்தான்.

கோடை ஆறு. மணல்தான் அதிகம், தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. மீன்கொத்தியைக் கேட்டான். பெருங்கெண்டையைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று, மேலே போய்ப் பார் என்றது அது. மேலே போனான். அங்கே இருந்த ஆமை, தான் குஞ்சாக இருந்தபோது பார்த்ததாகச் சொல்லி, அந்தக் காலத்துச் சங்கதியெல்லாம் ஆரம்பித்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி மேலே போனான். பாறையில் ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு மடுவிலும் வலையை வீசினான். சில்லறை மீன் வந்தது, நண்டு வந்தது, சருகு வந்தது. இரவில் பாறை மேல் படுத்தால் பிள்ளையின் முனகல் காதில் கேட்டது. தூங்கின மாதிரியும் இல்லை, விழித்த மாதிரியும் இல்லை. விடிந்ததும் மறுபடி நடந்தான்.

மலைக்குள் நன்றாக நுழைந்த இடத்தில் ஒரு நீர்நாய் படுத்திருந்தது. எலும்பெல்லாம் தெரிந்தது. அதையும் கேட்டான்.

"மேல இருக்குது" என்றது நீர்நாய். "நானும் அதைத் தேடித்தான் வந்தேன். முடியல. இங்கயே நண்டைத் தின்னுட்டுப் படுத்துட்டேன். நீ புத்திசாலின்னா நீயும் படுத்துக்கோ."

ஒண்டியப்பனுக்கும் படுக்கத்தான் ஆசை. பிள்ளை நினைப்பு விடவில்லை.

ஒருவழியாக மேலாற்றின் கடைசி மடுவுக்குப் போய்ச் சேர்ந்தான். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. தலைப்பில் ஒரு சிற்றோடை விழுந்தது. கரையில் முள்ளுக்கொடியும் மருக்காரைப் புதரும் மண்டிக் கிடந்தன. மனிதன் கால் பட்ட சுவடே இல்லை. தண்ணீருக்குள் பொன் நிறத்தில் ஒரு பெரிய முதுகு மெதுவாகத் திரும்பியது. பெருங்கெண்டை. கூடவே அவளுடைய குஞ்சுகள்.

வலையை வீசினான். அடியில் பாறைப் பிளவில் சிக்கிக்கொண்டது. முழுகி எடுத்து மறுபடி வீசினான். மறுபடி சிக்கியது. தோள் எலும்பு கழன்றுவிடும் போல ஆகும்வரை வீசினான்.

"யாரப்பா அது?" என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது. "வந்ததிலிருந்து வீசறே, எடுக்கறே. ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடி."

ஒண்டியப்பன் பேசவில்லை. கட்டுப்பாடு.

"ஓடி ஓடி நானும் ஓஞ்சு போனேன். இதுக்கு மேல எனக்குப் போக ஆறு கெடையாது. உனக்கு என்ன வேணும், அதையாச்சும் சொல்லு."

அவனுக்கு அவள் மேல் கோபமே வந்தது. என்ன வேணும் என்று கேட்கிறாளே, வேண்டியது அவள்தானே என்று நினைத்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது. கண்ணுக்கு நேரே புதரில் காய் கொத்துக் கொத்தாக நின்றது. பறித்தான். கல்லில் வைத்து இடித்தான். அந்த நேரத்தில் அவன் எதையும் யோசிக்கவில்லை. அவ்வளவு களைத்தவன் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், அதை நிறுத்துவதற்கு உள்ளே ஆள் இருக்காது. நுரை நுரையாக வந்த சாற்றை வாரி மடுவில் கரைத்தான்.

முதலில் குஞ்சுகள் மேலே வந்தன. பிறகு அவள் வந்தாள், பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். கிடைத்துவிட்டாள் என்று நெஞ்சு பொங்கியது. அப்போதுதான் மாராத்தாள் படுத்தபடி சொன்னது ஞாபகம் வந்தது.

கெண்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தண்ணீரோரம் உட்கார்ந்துவிட்டான். வாய்விட்டு அழுதான். அழ ஆரம்பித்த பிறகு கட்டுப்பாடு எங்கே நிற்கும்? "ஆத்தா, எம்பட புள்ளைக்குப் பாலு இல்ல. அதுக்குத்தான் வந்தேன். இப்ப நீயும் வீணாப் போயிட்டியே" என்றான்.

"பாலுக்கா?" என்றாள் அவள். குரல் அடங்கிப் போயிருந்தது. "எங்க சனத்தையெல்லாம் தின்னீங்க, பாலு ஊறுச்சு. நாங்க எதைத் தின்னோம்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? கரையில முள்ளுக்கொடி இருக்குது பாரு, தண்ணிவிட்டான் கொடி. வெள்ளம் மண்ணை அரிச்ச எடத்துல கெழங்கு கொத்தாத் தொங்கும். அதைத்தான் கடிச்சுத் தின்னோம். பாலு அதுலதான் இருக்குது."

ஒண்டியப்பன் திரும்பிப் பார்த்தான். அதே கொடி அவன் குடிசைக்குப் பின்னாலும் படர்ந்து கிடந்தது. காலில் குத்துகிறது என்று அதை வெட்டிப் போட்டவனே அவன்தான்.

"வர்ற வழியெல்லாம் எல்லாருகிட்டயும் என்னைப் பத்திக் கேட்டிருப்பே" என்றாள் கெண்டை. "எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல."

கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இங்கே நிற்கிற ஒவ்வொரு நொடியும் பிள்ளையின் நொடி. ஆனால் கையில் ஓர் உயிர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுவிட்டு அவனால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டான். அவன் ஒரு மீனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

ஓடை விழுகிற இடத்தில் காய்ச்சாறு கலக்காத நல்ல தண்ணீர் ஓடியது. அங்கே கொண்டுபோய் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குஞ்சுகளையும் வாரி வந்து அந்த ஓட்டத்திலேயே விட்டான். கால் மரத்துப்போயிற்று. நின்றபடியே கண் சொருகியது. வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அவள் செவுள் சீராக அசைந்தது. வால் ஒருமுறை அடித்தது. கையை விட்டான். நீந்தினாள், நேரே போய்ப் பாறையில் முட்டிக்கொண்டாள். திரும்பி வேறு பக்கம் போய் அங்கேயும் முட்டினாள். கண் தெளியவில்லை.

ஒண்டியப்பன் வலையை எடுத்துப் பார்த்தான். அவன் கையால் பின்னிய வலை, அவனிடம் இருந்த ஒரே வலை. நடுவில் பிரித்து நான்கு இழை உருவினான். நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு. வலை அதோடு எதற்கும் உதவாமல் போயிற்று. அவளைப் பிடித்து நிறுத்தி, மேலுதட்டின் முன்பக்கம் குட்டை இழைகளையும் வாய்க்கடையில் நீள இழைகளையும் முடிச்சிட்டான். அவள் அசையாமல் இருந்தாள். பிறகு அடியில் இறங்கி, இழையால் கல்லைத் தடவித் தடவி வழி கண்டுபிடித்து ஒரு சுற்று வந்தாள். முட்டவில்லை.

மேலே வந்து, "போ. புள்ள அழுவுது" என்றாள்.

கிழங்கைப் பிடுங்கி வேட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஏறின வழியை எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தபோது பிள்ளைக்கு முனகக்கூடத் தெம்பில்லை. மாராத்தாள் மீன் எங்கே என்று கேட்கவில்லை, அவன் சொன்னபடி கிழங்கை வாங்கி இடித்துச் சாறெடுத்துக் குடித்தாள். பால் வந்தது. முதலில் இரண்டு சொட்டு, பிறகு பிள்ளைக்குப் புரையேறுகிற அளவுக்கு. ஒண்டியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனான்.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அவன் வலை இல்லாமல் மறுபடி மேலாற்றுக்குப் போனான். பிள்ளை பிழைத்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டும், கண் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். மடுவில் இறங்கி நின்று கூப்பிட்டான். அவள் வந்தாள். இழை நான்கும் சதையோடு சதையாகி மீசையாய்ப் போயிருந்தன. குஞ்சுகளுக்கும் அதே மாதிரி முளைத்திருந்தது. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பியிருந்த மாதிரி இருந்தது. மீசையால் அவன் காலைத் தடவிப் பார்த்தாள். யாரென்று தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையைப் பற்றி எல்லாம் சொன்னான். உடம்பு தேவலையா என்று கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி ஆழத்துக்குள் போய்விட்டாள்.

கோபம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அலுப்பு என்றுதான் படுகிறது.

அன்று முதல்தான் பெருங்கெண்டைக்கு வாயோரம் நான்கு மீசை, ஆள் நடமாட்டம் இல்லாத மேலாற்று மடுக்களில் அடிக்கல்லைத் தடவிக்கொண்டே திரிகிற பிழைப்பு. அதைத் தேடித் தூண்டிலோடு அவ்வளவு தூரம் ஏறிப் போகிற மனிதன், கையில் கிடைத்தாலும் ஓட்டத்துக்கு எதிரே முகத்தைத் திருப்பிப் பிடித்து நின்று, ஏதாவது சொல்லாதா என்று அதன் வாயையே பார்த்திருந்துவிட்டுத் தண்ணீரில் விட்டுத் திரும்புவதும் அன்று முதல்தான்.