ஏரிக்கரையில் ஒரு காலடி

டொக். டொக். டொக்.

ஒரு காட்டில் காலையில் இந்தச் சத்தம் கேட்டால் சபை கூடப் போகிறது என்று அர்த்தம். சத்தம் போட்டது மரங்கொத்தி. சபையின் எழுத்தர் அதுதான், குழந்தைகளே. யாரை எந்தக் குழுவுக்கு நியமித்தாலும், ஆளுக்கு ஒரு துளை என்று சபை மரத்தில் கொத்தி வைக்கும். கொத்திவிட்டால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

அந்நேரம் முயல் தன் வளைக்குள் புல் பரப்பிக்கொண்டிருந்தது. நான்கு குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. வளை இருந்ததோ ஏரிக்கரைக்கு நேர் கீழே. வாயிலிருந்த புல்லைப் போட்டுவிட்டு முயலும் சபைக்கு ஓடியது.

சபைத் தலைவர் யானை மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அதன் இடத்தில் நரி நின்றது.

"மழை வரப் போகிறது. கரையைக் காக்க ஒரு குழு வேண்டும். காட்டுப்பன்றி, அதன் தம்பி, அதன் மச்சான். மூவரையும் நியமிக்கிறேன். கொத்து, மரங்கொத்தி."

பன்றி நின்றால் கரை தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். கரை நெடுகக் கோரைக்கிழங்கு. பன்றிக்கு அதைத் தோண்ட ஆசை. தோண்டும்போது வெளியே வரும் நண்டெல்லாம் நரிக்கு என்று ஏற்கெனவே பேச்சு.

மரங்கொத்தி தயங்கியது. "நியமிக்கும் உரிமை தலைவருக்குத்தானே?"

"நான் காட்டரசர் சிங்கத்தின் மந்திரி. எனக்கு இல்லாத உரிமையா?"

முயல் முன்னால் வந்தது.

"நரியண்ணன் நியமிக்கட்டுமே. எனக்கு ஆட்சேபணை இல்லை."

"உன் வளை எங்கே இருக்கு என்று நினைப்பிருக்கா?" என்று முள்ளம்பன்றி முணுமுணுத்தது.

"இருக்கு. அண்ணன் வழக்கப்படி காலடியைப் பதித்துவிட்டு நியமிக்கட்டும்."

"என்ன காலடி?" என்றது நரி.

முயல் எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போனது. அங்கே களிமண்ணில் முறம் அகலத்துக்கு ஒரு தடம் காய்ந்து கிடந்தது.

"போன வருஷம் குழுவை நியமித்தபோது தலைவர் வைத்தது. கரை உடைந்தால், அடைத்து முடிக்கும் வரை கால் பதித்தவர்தான் உடைப்பில் குறுக்கே படுக்கணும். போன ஐப்பசியில் தலைவர் ஒரு பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தாரே."

நரி அந்தத் தடத்தைப் பார்த்தது. தன் காலை அதன் பக்கத்தில் கொண்டுபோனது. மண்ணில் படுமுன் எடுத்துக்கொண்டது.

"சும்மா வையுங்க மாமா," என்றது பன்றி. "நாங்க ரொம்ப ஆழமாத் தோண்ட மாட்டோம்."

"ரொம்ப ஆழம் என்றால்?"

"நீங்க உள்ளே நின்றால் காது மட்டும் வெளியே தெரியும். அவ்வளவுதான்."

மலைப்பக்கம் இடி உருண்டது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டது.

"மரங்கொத்தி, துளைகளைக் கொத்திவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"நல்லதாகப் போயிற்று. நியமிக்க நான் யார்? தலைவர் வரட்டும்."

"அப்போ கிழங்கு?" என்றது பன்றி. நரி காதில் விழாததுபோல் நடந்தது.

மறுநாள் யானை வந்தது. நடந்ததைக் கேட்டது. துதிக்கையால் நீர் இறைத்து மண்ணை நனைத்து, பழைய தடத்தின் பக்கத்திலேயே காலை ஊன்றியது.

"நீர்நாய், ஆமை, கொக்கு. படுக்கப் போவது நான்தானே, பார்த்துத்தான் சொல்கிறேன்."

டொக். டொக். டொக்.

சாயங்காலம் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் முயல் வளையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. கரை நின்றது. அதன்மேல் ஆமை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. யானையின் காலடியில் மழைநீர் தேங்கியிருந்தது.

முயல் பெருமூச்சு விட்டது. பிறகு, படுக்கை பாதியில் நிற்பது நினைவுக்கு வர, வாசலிலிருந்த புல்லைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

நீதி: விளைவுக்குப் பதில் சொல்பவருக்கே நியமிக்கும் உரிமை உண்டு.