பொரி வேண்டாத மீன்கள்

"என் மக சாப்பிட மாட்டேங்கிறாம்மா. பேசவும் மாட்டேங்கிறா. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கேட்டவர் செண்பகராமன். சீடர்களில் வயதில் மூத்தவர் அவர்தான். குருவான தையல்நாயகி அம்மாளுக்கே அவருடைய மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

மகள் பூங்கோதைக்குப் பிறந்த குழந்தை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அன்றிலிருந்து அவள் அப்பா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க, ஐயா?"

"என்னம்மா செய்யலை? வேளாவேளைக்குச் சுடச்சுடக் கொண்டுபோய் நீட்டுறேன். அத்தை, சித்தி எல்லாரையும் வரவழைச்சேன். இன்னொண்ணு பொறக்கும்மான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அந்தக் குழந்தை பேச்சை மட்டும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு கண்டிச்சு வெச்சிருக்கேன். இந்தச் சாதத்தைத் தொட்டுக் கொடுங்க. பிரசாதம்னா ஒரு வாய் சாப்பிடுவா."

தூக்குவாளியை நீட்டினார். நல்ல மனுஷர். சும்மா இருக்க மட்டும் அவருக்கு வராது.

அம்மாள் தூக்குவாளியைத் தொடவில்லை. எழுந்து ஆசிரமத்துக் குளத்துக்கு நடந்தார். செண்பகராமன் பின்னாலேயே போனார்.

பல நாளாக மேகமூட்டம். இலை அசையவில்லை. பச்சைத் தண்ணீரில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சில செத்து மிதந்தன.

"ஐயோ, பசி போலிருக்கே."

வருகிறவர்கள் புண்ணியத்துக்குப் போடவென்று படியில் பொரி மூட்டை இருக்கும். செண்பகராமன் இரண்டு கையாலும் அள்ளினார்.

அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பசின்னு அது உங்ககிட்ட சொல்லிச்சா?"

"வாயைப் பிளக்குதேம்மா."

"மூச்சுக்குப் பிளக்குது. தண்ணியில காத்து இல்லை."

துறவுக்கு முன்னால் அம்மாள் மீன் ரத்தத்தை ஆராய்ந்தவர்.

"அதோட உயிரணுவுக்குள்ள ஒரு புரதம் இருக்கு, ஐயா. நல்ல தண்ணியில உடம்பு அதை உண்டாக்கும், உண்டாக்கின கையோட அழிச்சிடும். காத்து குறைஞ்சாத்தான் அது அழியாம நிக்கும்."

"நின்னு?"

"உடம்பு பூரா சேதி சொல்லும். அப்புறம் ஒவ்வொரு வேலையா நிக்கும். வளர்றது நிக்கும். முட்டை வைக்கிறது நிக்கும். இரையே வேண்டாம்னு ஆயிடும். கிடைக்கிற காத்தை ரத்தம் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"அப்போ சாகப் போகுதா?"

"சாகாம இருக்கத்தான் இவ்வளவும்."

செண்பகராமன் கையிலிருந்த பொரியைப் பார்த்தார்.

"ஒரு வாய் தின்னா தெம்பு வராதா?"

"செரிக்கிறதுக்குக் காத்து வேணும். தின்னாத பொரி ஊறி அழுகும், அதுக்கும் காத்து வேணும். மிச்சம் இருக்கிறதையும் உங்க புண்ணியம் குடிச்சிடும்."

சொல்லிவிட்டு அம்மாள் படியோரம் கிடந்த ஒரு வாளியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, குளத்திலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார்.

"குளத்துத் தண்ணியைக் குளத்துலயே ஊத்தறீங்களே?"

"விழும்போது கொஞ்சம் காத்தைக் கூட்டிக்கிட்டுப் போகும்."

செண்பகராமனும் பொரியை மூட்டையிலேயே போட்டுவிட்டு, இன்னொரு வாளியோடு இறங்கினார். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது.

"எதுவரைக்கும்மா ஊத்தணும்?"

"மேகம் விலகற வரைக்கும். அது நம்ம கையில இல்லை."

தண்ணீர் விழுந்த இடத்துக்கு ஒரு கெண்டை மெல்ல நகர்ந்து வந்தது. செண்பகராமன் வாளியை ஏந்தியபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"நான் வீட்டுக்குப் போறேன்மா," என்றார்.

தூக்குவாளி படியிலேயே இருந்தது.

வீட்டில் அத்தை கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பினார். ஜன்னலைத் திறந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். வாய்வரை வந்த பேச்சையெல்லாம் விழுங்கினார். அது அவருக்கு லேசான காரியமில்லை.

பொழுது சாய்ந்தது. பூங்கோதை திரும்பாமலே கேட்டாள்.

"சாப்பாடு எங்கேப்பா?"

"கொண்டு வரலைம்மா."

"ஒண்ணும் சொல்லப் போறதில்லையா?"

"இல்லைம்மா. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

 பிறகு அவள் சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவனுக்கு உங்க மூக்குப்பா," என்றாள்.