உச்சிமாகாளியின் கழுத்துக் கட்டு

“என் கையில என்ன குறை, சிஸ்டர்?” என்று நல்லசிவன் கேட்டான்.

கேட்டானே தவிர, தன் கையில் குறை இருக்கும் என்று அவன் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆப்பரேஷன் தியேட்டரில் வருஷக்கணக்காக இருந்த நர்ஸ். அவன் போட்ட கட்டைப் பார்த்துப் பெரிய சர்ஜன்களே முதுகில் தட்டியிருக்கிறார்கள். இப்போது டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இங்கே அவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர் ஜெசிந்தா சிஸ்டர். வயதில் சின்னவர். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் தங்கச்சி கிடையாது.

“யாருக்கு அவுந்துச்சுண்ணே?”

“உச்சிமாகாளி அய்யாவுக்குத்தான். மறுபடியும். ஓரமெல்லாம் சுருண்டு, குழாய் இழுபட்டு, ரத்தம் கசிஞ்சு கெடக்கு.”

உச்சிமாகாளிக்கு வலது கழுத்தில் குழாய். அதன் வழியாகத்தான் அவருடைய ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதால், குழாய் லேசாக இழுபட்டாலே அது நுழையும் இடத்தில் கசிந்துவிடும். மேலே ஒட்டிய கட்டு எழும்பினால் கிருமி உள்ளே போகும்.

கிருமி போனால் குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் வேறு இடத்தில் போட அவர் உடம்பில் நல்ல ரத்தக்குழாய் மிச்சமில்லை. இனிமேல் மெஷினுக்குக் கையிலிருந்தே ரத்தம் எடுக்க, இடது கையில் ஓர் ஆப்பரேஷன் செய்திருக்கிறார்கள். அந்தக் கை தயாராகும்வரை இந்தக் கழுத்துக் குழாய்தான் அவருக்கு உயிர்.

“என் முன்னால ஒட்டுங்க, பாப்போம்,” என்றார் சிஸ்டர்.

நல்லசிவன் ஒட்டினான். பஞ்சுத் துணியால் அழுத்திப் பிடித்துக் கசிவை நிறுத்தினான். மருந்து தடவி, அது தானாகக் காயும்வரை நின்றான். ஊதவில்லை, விசிறவில்லை. கழுத்தை நேராக வைக்கச் சொல்லி, உள்ளே இருப்பது தெரிகிற மெல்லிய பிளாஸ்டரை இழுக்காமல் வைத்து, நடுவிலிருந்து ஓரம்வரை நீவினான். குழாய் தொங்காமல் இருக்கத் தனியாக ஒரு பிளாஸ்டர்.

சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

“குறையே இல்லண்ணே. நானே இவ்வளவு சுத்தமா ஒட்ட மாட்டேன்.”

நல்லசிவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் கோபமும் வந்தது.

“அப்ப குறை அவர்மேலதான். கழுத்த அசைக்காதீங்கன்னு வரும்போதெல்லாம் தொண்ட வத்தச் சொல்லுதேன்.”

“இப்பவும் சொல்லுங்க.”

உச்சிமாகாளியின் வலது பக்கம் மெஷின். யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் நின்றுதான் அவரிடம் பேசுவார்கள். மறுபக்கம் சுவர். ஒரு கண் மெஷினில் இருக்க வேண்டும், அதுவும் ஒரு காரணம். நல்லசிவனும் அங்கே நின்றபடி சொன்னான்.

“அய்யா, கழுத்த அசைக்காதீங்க.”

உச்சிமாகாளி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அவன் பக்கமாகக் கழுத்தை முழுசாகத் திருகினார்.

“என்னது?”

பிளாஸ்டரின் ஓரம் சுருங்கி எழும்பியது.

“பாத்தீங்களா சிஸ்டர்? வேணும்னே செய்தாரு.”

“அவரு போன் எந்தக் காதுலண்ணே பேசுவாரு?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நல்லசிவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒட்டத் தெரியாதவன்கூட இப்படி அவமானப்பட மாட்டான் என்று நினைத்தான்.

உச்சிமாகாளியின் போன் அடித்தது.

ஆப்பரேஷன் செய்த இடது கையை அவர் அசைக்கவில்லை. வலது கையால் போனை எடுத்தார். எடுத்த கை பக்கத்திலிருந்த வலது காதுக்குப் போகவில்லை. நெஞ்சைத் தாண்டி, குழாயைத் தாண்டி, இடது காதுக்குப் போனது.

நல்லசிவன் எழுந்தான்.

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே தொந்தியை எக்கிக்கொண்டு நுழைந்தான். இடது காதருகே குனிந்து, சாதாரணக் குரலில் கேட்டான்.

“அய்யா, உங்களுக்கு வலது காது கேக்காதா?”

கழுத்து அசையவில்லை.

“கேக்காது. வேட்டுச் சத்தத்துல போனது. எங்க ஊர்க் கோயில் கொடைக்கு நான் போடுத வேட்டு ஆத்துக்கு அக்கரையில கேக்கும்.” கிழவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“நீரு கேக்கலையே. எங்குறைய நானா வந்து ஒப்பிக்கவா?”

நல்லசிவனுக்கு அந்தப் பதில் நன்றாகவே புரிந்தது.

“சரி அய்யா. கழுத்த அசைக்காதீங்க. குழாய் இழுபட்டு ரத்தம் வருது.”

“அப்படியா? அசைக்கல. இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?”

நல்லசிவன் புதுப் பிளாஸ்டர் எடுத்து வந்து ஒட்டினான்.

அடுத்த டயாலிசிஸுக்கு உச்சிமாகாளி வந்தபோது கட்டு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை. நல்லசிவன் அதைப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான். சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அன்றைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். மெஷின் பக்கம் நின்று கழுத்தை எட்டிப் பார்த்தார்.

“பிரமாதமா இருக்கே. யாரு ஒட்டினது?”

இந்தக் கேள்விக்காகத்தான் நல்லசிவன் இத்தனை நாள் காத்திருந்தான். சுவரோரம் நின்றவனுக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்தது. வாயைத் திறந்தான்.

அதற்குள் டாக்டர் கிழவர் பக்கம் திரும்பி, “எப்படி இருக்கீங்க பெரியவரே?” என்றார்.

தலையணையில் கிழவரின் தலை மெல்ல எழும்பத் தொடங்கியது.

“சார்,” என்றான் நல்லசிவன், “இந்தப் பக்கம் வந்து கேளுங்க.”