அரசன் முகம் போட்ட குடம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சந்தையில் சட்டி பானை விற்கும் அங்கம்மாள் சொன்னது. பாதி நம்பிக்கையோடுதான் உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் வயப்புலி என்றோர் அரசன் இருந்தான். சண்டை என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், காரணமும் வேண்டாம்.

முதல் போருக்கு முரசு அறைந்த அன்றே ஓர் ஆணையும் போட்டான். நாட்டில் செய்கிற ஒவ்வொரு குடத்திலும் அரசன் முகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தவர் கை போகும்.

அரண்மனை இருந்த ஊரில் குடம் செய்கிறவள் நாச்சி. பெரிய கண், முறுக்கு மீசை, வெற்றிச் சிரிப்பு என்று அவளும் வைத்தாள். தண்ணீருக்குப் போன பெண்கள், "ராசா நம்ம இடுப்புல ஏறிட்டாருடி, இறக்கிவிட்டா கோவிச்சுக்குவாரு" என்று சிரித்தார்கள்.

போர் முடிந்தது. பிணங்கள் வந்தன.

கொள்ளி வைக்கிறவன் புதுக் குடத்தில் நீர் நிரப்பித் தோளில் சுமந்து சிதையை மூன்று முறை சுற்றுவது வழக்கம். சுற்றுக்கு ஒன்றாகக் குடத்தில் கத்தியால் ஓட்டை போடுவார்கள். கடைசியில் குடத்தை உடைப்பான். புதுக் குடம் எல்லாவற்றிலும் அரசன் முகம்தானே? ஒரு குடத்தில் ஓட்டை தற்செயலாகக் கண்ணில் விழுந்தது. அரசனின் கன்னத்தில் நீர் வழிந்தது. செத்தவர்களுக்காக ஒரு சொட்டும் விடாதவன் அழுதான். சுடுகாடே திகைத்து நின்றது.

அது நாச்சியின் தம்பியுடைய சிதை.

இரண்டாம் போர் வந்தது. நாச்சி கண்ணும் வாயும் இருக்கும் இடத்தை மட்டும் தட்டித் தட்டி மெல்லிசாக்கினாள். கத்தி அங்கேதான் சுலபமாக இறங்கும். மூன்றாம் போருக்குப் பிறகு ஒவ்வொரு சிதையையும் அரசன் அழுதுகொண்டே சுற்றினான். முதல் சுற்றில் ஒரு கண், இரண்டாம் சுற்றில் மறு கண், மூன்றாம் சுற்றில் சிரிக்கிற வாய்.

செய்தி அரண்மனைக்குப் போனது. நாச்சியை இழுத்து வந்தார்கள்.

"வேண்டுமென்றே செய்தாயா?"

"ஆமா ராசா."

"இனிச் சுடுகாட்டுக் குடத்தில் என் முகம் கூடாது."

"எந்தக் குடம் சுடுகாட்டுக்குப் போகும்னு சூளையில வைக்கிறப்ப எனக்கெப்படித் தெரியும்? முரசு அடிக்கிற உங்களுக்குத்தான் தெரியும்."

"அப்படியானால் எதிலுமே வேண்டாம். எடுத்துவிடு."

"மாட்டேன். நீங்க நேர்ல வந்து அழுங்க, அப்புறம் எடுக்கறேன்."

"வெட்டுங்கள் அவள் கையை!"

நாச்சி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

முதல் வீரன் வாளை உருவினான். "எங்கப்பனுக்கு இவ குடத்தைத்தான் சுமந்தேன்" என்று கீழே வைத்தான். இரண்டாமவன், "நான் எங்கண்ணனுக்கு" என்றான். அவனும் கீழே வைத்தான். மூன்றாமவன் தலை நரைத்தவன். "என் மகனுக்கு நான் சுமந்தேன். வெட்டணும்னா நீங்களே வெட்டுங்க ராசா" என்றான்.

அரசன் கீழே கிடந்த மூன்று வாள்களையும் பார்த்தான். ஒன்றையும் எடுக்கவில்லை. நாலாம் போருக்கு முரசு அறைந்தபோது ஒருவரும் வரவில்லை. நாச்சி முகம் வைப்பதை நிறுத்தவும் இல்லை.

ஆகவே கேட்டவர்களே, பிறரைச் சாக அனுப்பிவிட்டு அழ மறுக்கிற அரசனை, பயப்படாத ஒரு கை மண்ணிலாவது அழவைக்கும்.

போன மாதம்தான் அங்கம்மாளிடம் கேட்டேன்: "மூன்று பேரும் வாளைக் கீழே வைத்தார்கள், சரி. வீட்டில் ஒரு சாவும் விழாத, என்னைப் போன்ற ஒருவனை நாலாவதாகக் கூப்பிட்டிருந்தால், நாச்சியின் கை என்ன ஆகியிருக்கும்?"