ஆள் வராத வாசல்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீனவர் சங்கம். அதன் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் நப்பின்னை. அவளிடம் பாடம் கேட்பவர் சிலுவை. கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர், குருவைவிட வயதில் மூத்தவர். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு மத்தியானம் சிலுவை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், சர்வர் வாடகை, அந்த கிளவுட் பில்லு தாங்கலையாம். ஆள் வராத சேவையை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள மூடணும்னு செயலாளர் சொல்லிட்டாரு."

"முதல்ல எதை?"

"காணாமப் போன படகை."

கரை திரும்பாத படகைப் பற்றி வீட்டார் தகவல் சொல்லும் பக்கம் அது. சிலுவையே எழுதியது.

"பில்லு எதனால ஏறுது அண்ணாச்சி?"

"ஒவ்வொரு சேவைக்கும் தனி லோட் பேலன்சர். வெளியுலகத்துக்குத் தனித்தனி வாசல். ஆள் வந்தாலும் வராட்டாலும் வாடகை."

"அப்படி வைக்கச் சொன்னது யாரு?"

சிலுவை யோசித்தார். முதலில் வந்தது காற்று எச்சரிக்கை. அதற்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. பின்னால் வந்த ஐஸ், டீசல், ஏலச் சேவைகள் எல்லாம் அதன் அமைப்புக் கோப்பைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி. பெயரை மாற்றினார்களே தவிர, வாசல் கேட்கும் அந்த ஒரு வரியை ஒருவரும் தொடவில்லை.

"யாரும் சொல்லல டீச்சர்."

அந்த நேரம் செயலாளர் தொம்மை உள்ளே வந்தார்.

"என்னம்மா, மூடியாச்சா?"

"உட்காருங்க ஐயா. உங்க கண்ணு முன்னாலயே மூடுறேன்."



நப்பின்னை பொதுவாக ஒரு வாசல் திறந்தாள். எந்தப் பெயரைக் கேட்டு வருபவரை எந்தச் சேவைக்கு அனுப்புவது என்று அதில் எழுதினாள். எல்லாப் பெயர்களையும் அந்த ஒரே முகவரிக்குத் திருப்பினாள். மாற்றம் இணையமெங்கும் போய்ச் சேரும்வரை மூவரும் டீ குடித்தார்கள். பிறகு பழைய வாசல்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். காற்று போனது. ஐஸ் போனது. அடுத்து ஏலத்தில் கை வைத்தாள்.

தொம்மை எழுந்துவிட்டார். ஏலம் சங்கத்தின் செல்லப்பிள்ளை.

"ஏலத்தையா? யாரைக் கேட்டு மூடுறீங்க?"

"போன்ல திறந்து பாருங்க."

திறந்தது. ஐஸும் திறந்தது. காணாமல் போன படகும் திறந்தது.

"எப்படிம்மா?"

"கீழே வாட்ச்மேன்கிட்ட என் பேரைச் சொன்னீங்க, இங்க அனுப்பிவச்சாரு. எனக்குன்னு தனி கேட்டா கட்டியிருக்கீங்க?"

"அப்ப வாடகை?"

"இனி ஒரு வாசலுக்கு மட்டும்தான்."

அத்தோடு அவர் போயிருக்கலாம். ஆனால் உத்தரவு போட்டவருக்கு அது வீணாகப் போவதில் ஒரு ரோஷம்.

"சரி, இருக்கட்டும். நான் சொன்னா சொன்னதுதான். அந்தப் படகுப் பக்கத்துக்கு இந்த வருஷம் ஒரு ஆள்கூட வரலை. அதை எடுத்துடுங்க."

சிலுவை தலையைக் குனிந்துகொண்டார்.

நப்பின்னை கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"எடுக்க மாட்டேன் ஐயா. யாரும் வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் அதைத் திறந்து வச்சிருக்கோம்."