உப்புத்தாளில் ஒரு காதுக்கல்

“கல்லு பொய் சொல்லுது, மேடம்.”

டென்சில் அறிக்கையை மேசையில் போட்டான். வைக்கவில்லை, போட்டான்.

உமையாள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். அவனைவிட ஒன்பது வயது இளையவள், ஆனால் ஆய்வுக்கு அவள்தான் வழிகாட்டி. முப்பது வயதுவரை வலை இழுத்துவிட்டு, அதன்பிறகு படிக்க வந்தவன் அவன்.

“எந்தக் கல்லு?”

“எல்லாக் கல்லும்தான்.”

மீனின் காதுக்குள் ஒரு கல் இருக்கும். கொடுவா மீனுக்கு அது துவரம்பருப்பு அளவு. மீன் வளர வளர அதுவும் வளையம் வளையமாக வளரும், அந்தந்த வயதில் மீன் கிடந்த தண்ணீர் அந்தந்த வளையத்தில் பதிந்துவிடும். டென்சிலின் ஊர் ஊசிமுனை. அந்த ஊர் ஆற்றுத் தண்ணீரில் பேரியம் என்ற உலோகம் அதிகம். பக்கத்து முகத்துவாரங்களில் அதில் பாதிகூடக் கிடையாது, கடலில் இன்னும் குறைவு.

இப்போது ஊசிமுனை முகத்துவாரத்தைத் தூர்த்து நிலக்கரி இறக்கப் போகிறார்கள். வெளிக்கடலில் பிடிபடும் கொடுவா அங்கேதான் குஞ்சாக வளர்ந்தது என்று காட்டினால் வேலை நிற்கும். வியாழக்கிழமை விசாரணை. அவன் அறிக்கையைப் போட்டது சனிக்கிழமை.

“நாப்பது மீனு. ஒண்ணுலகூட எங்க ஆறு இல்ல. எல்லாம் கடலு கடலுன்னே சொல்லுது. இதப் படிச்சா தூர்க்க வாரவன் எனக்கு மாலை போடுவான்.”

அதோடு விடவில்லை. கல்லைச் சுட்டு அதிலுள்ள பேரியத்தை அளக்கும் லேசர் கருவி ஓட்டை என்றான். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகத்துவாரம் என்றால் வெறும் படம்தான் என்றான். கோபம் வந்தால் அவனுக்கு மூக்கு விடைக்கும், அப்போதும் விடைத்திருந்தது.

உமையாள் அறிக்கையைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் லேசர் சுட்ட இடங்களின் படங்கள் இருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கும் கோபம் வந்தது. எழுந்துபோய் அவனுடைய பெட்டியைத் திறந்தாள்.

ஒரு மீனுக்கு இரண்டு காதுக்கல். வலதுகளை அவன் சுட்டுவிட்டான். இடதுகள் நாற்பதும் பெட்டியில் பத்திரமாக இருந்தன.

அவள் ஒன்றை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டினாள். உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

“அது என் கல்லு, மேடம்.”

“தெரியும்.”

அவள் அழுத்தித் தேய்த்தாள். ஒரு முனை பொடியாகப் போனது.

“ஓரம் போச்சு. கோபம் வரலையா?”

“ஓரம்தான, போவட்டும்.”

அவள் நிறுத்தவில்லை. கல் பாதியாகக் குறைந்தது. நடுவில் முடி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இன்னும் இரண்டு இழுப்புக்கு அது தாங்காது.

டென்சில் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

“நிறுத்துங்க. புள்ளி போயிரும். அது குஞ்சா கெடந்த தண்ணி அதுலதான் இருக்கு.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“அது குஞ்சா கெடந்த தண்ணி…”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் பக்கம் திறந்தபடியே கிடந்தது. நாற்பது படங்கள். நாற்பதிலும் லேசர் சுட்ட கரும்புள்ளி ஓரத்தில் இருந்தது. மீன் பிடிபட்ட வாரத்தில் அது நீந்திய கடல்தான் ஓரத்தில் இருக்கும், வேறென்ன இருக்கும்? நடுப்புள்ளிவரை தேய்க்க ஒரு கல்லுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஓரத்தைச் சுட ஐந்து நிமிடம் போதும். போன வாரம் நாற்பதையும் ஒரே நாளில் முடித்துவிட்டதாகச் சொல்லி, ஆய்வகம் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்திருந்தான்.

யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அடிக்க வேண்டிய ஆள் வேறு யாருமில்லை.

“அந்த அல்வாவ நானும் தின்னேன்,” என்றாள் உமையாள். “எப்படி ஒரே நாள்ல முடிஞ்சுதுன்னு நானும் கேக்கல.”

அவள் அறிக்கையை மூடி ஓரமாக வைத்தாள்.

“விசாரணைக்கு எத்தன நாள் இருக்கு?”

“அஞ்சு.”

“கல்லு?”

பெட்டிக்குள் பார்த்தான். “முப்பத்தொம்பது.”

அவள் கண்ணாடிச் சில்லை அவன் பக்கம் தள்ளினாள். வெள்ளைப் புள்ளி முழுசாக இருந்தது.

“நாப்பது,” என்றாள்.