மூன்று முறை கூப்பிட்டார்கள்

"மேடம், கோர்ட்டை மதிக்காதவனை என்ன செய்யறது?"

குற்றவியல் நடுவர் முருகவேள், வந்த வீட்டில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார்.

கேட்கப்பட்டவர் மங்கையர்க்கரசி. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. முருகவேளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பதவியில் இருந்த காலத்தில், கோபத்துக்குப் பயந்தே வக்கீல்கள் வாய்தா கேட்கத் தயங்குவார்கள். வேலைதான் ஓய்வு பெற்றது, கோபம் பெறவில்லை.

"யாரு மதிக்கல?"

முருகவேள் சொன்னார்.

அருளப்பன் என்று ஒருவன். டீக்கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று வழக்கு. கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஒரு கண்ணாடி. அதற்கே வருஷக்கணக்கில் வாய்தா மேல் வாய்தா.

நாலு நாளைக்கு முன் வழக்கை எடுத்ததும் கோர்ட் டவாலிச் சேவகர் வாசல்படியில் போய் நின்று, வழக்கம்போல் அவன் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். ஆள் வரவில்லை. நடுவர் பிடிவாரண்ட் போட்டார்.

போலீஸ் அவனைத் தேடி எங்கும் அலையவில்லை. வாசலுக்கு வெளியே பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பக்கத்துலயே இருந்திருக்கான் மேடம். காதும் நல்லாக் கேக்குது. உள்ள கொண்டுவந்து நிறுத்துனாங்க. கூப்பிட்டப்ப ஏன் வரலேன்னு கேட்டேன். வாயத் திறக்கல. அவ்வளவு திமிர்."

"கேக்கும்போது அவன் மூஞ்சியப் பாத்தியா?"

முருகவேள் கொஞ்சம் யோசித்தார். அவனைச் சிறைக்கு அனுப்பும் உத்தரவை எழுதிக்கொண்டே கேட்டதாகச் சொன்னார்.

"அவன்கூட யாரும் வரலையா?"

அக்காள் வந்திருந்தாள். செண்பகம் என்று பெயர். சாப்பிட்டால்தான் அவன் மாத்திரை போட முடியும், காலையிலிருந்து காத்துக் கிடக்கிறான் என்று இட்லி வாங்கப் போயிருந்தாளாம். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொட்டலத்தோடு ஓடிவந்து, தம்பிக்கு ஆள் இல்லாமலே காதில் குரல் கேட்கும், வைத்தியம் நடக்கிறது என்று என்னவோ சொன்னாள். எதுவானாலும் வக்கீல் மூலம் மனுவாகப் போடு என்று சொல்லிவிட்டார் நடுவர். இட்லிப் பொட்டலத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

இப்போது தினமும் கோர்ட் கேட்டில் நின்று திட்டுகிறாளாம்.

"என்னன்னு திட்டுறா?"

"காது கேக்குதாய்யா உனக்குன்னு."

மங்கையர்க்கரசி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எங்க மேடம்?"

"கிளைச்சிறைக்கு. வண்டிய எடு."

சிறை வாசலில் செண்பகம் நின்றிருந்தாள். கையில் மாத்திரை அட்டை. சிறை டாக்டரின் சீட்டு இல்லாமல் மாத்திரை உள்ளே போகாது. டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வருவார். அந்த வாரம் அவர் வரவில்லை. குரல்களுக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை. அவை தாராளமாக உள்ளே போய்வந்தன.

நடுவரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நடுவரே கூட வரும்போது யார் தடுப்பார்கள்?

அருளப்பன் அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிடு," என்றார் மங்கையர்க்கரசி.

முருகவேள் கம்பிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். பழக்க தோஷத்தில் மூன்று முறை கூப்பிட்டார்.

அருளப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தோள் ஒடுங்கியது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"பாத்தீங்களா மேடம்?"

காவலர் ஒத்து ஊதினார். "தினம் இதே கததான் ஐயா. ஆஜர் எடுக்கறப்ப பேரச் சொன்னா பதிலே சொல்ல மாட்டான். மரியாத தெரியாதவன். அதான் லேசாக் கவனிச்சோம்."

அருளப்பனின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவர்கள் கவனித்த இடம் அதுதான்.

மங்கையர்க்கரசி காவலரைப் பார்க்கவில்லை. முருகவேளைத்தான் பார்த்தார். காவலர் சொன்னது முழுக்கத் தன்னுடைய வாக்கியம் என்று முருகவேளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா," என்று செண்பகத்திடம் திரும்பினார் அந்த அம்மாள். "கூப்பிட்டா ஏன் வரமாட்டேங்கறான்? அன்னிக்கு நீ சொல்ல வந்ததச் சொல்லு. மனுவெல்லாம் வேணாம்."

செண்பகம் நடுவரைப் பார்த்தே சொன்னாள்.

"முன்னயெல்லாம் கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவான்யா. அந்தக் குரலு பேரச் சொல்லித்தான் கூப்பிடும். ஒருவாட்டி ரயில் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போயிருச்சு. கேட்கீப்பர் பாத்து இழுத்துப் போட்டாரு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் பழக்குனாங்க. எதிர்க்க ஆளு தெரிஞ்சா பதில் சொல்லு. ஆளு தெரியலையா, கண்ண மூடிக்கிட்டு உக்காந்த எடத்துலயே உக்காந்துரு. எத்தன தடவ கூப்பிட்டாலும் எந்திரிக்காதன்னு. அத அவன் படிக்கறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நான்கூடப் பக்கத்துல இல்ல. தனியா உக்காந்து ஜெயிச்சிருக்கான்யா எந்தம்பி. அதுக்குப் போயி நீங்க உள்ள தள்ளிட்டீங்க."

காவலர் சத்தம் வராமல் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கூப்பிடு," என்றார் மங்கையர்க்கரசி.

"எப்படி மேடம்?"

"இவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? உனக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

முருகவேள் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே போனார். அருளப்பனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருந்தது. அதில் நுழைந்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பேண்ட் அழுக்கானது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அவ்வளவு கிட்டத்தில் உதடுகள் சொல்வது கேட்டது. "இது நெசமில்ல, இது நெசமில்ல" என்று அவன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தோளத் தொட்டுட்டுப் பேசுங்க," என்றாள் செண்பகம்.

முருகவேள் தொட்டார். மெதுவாகப் பெயரைச் சொன்னார்.

அருளப்பன் கண்ணைத் திறந்தான். எதிரே இருந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தான். தொட்ட கையைப் பார்த்தான். நம்பிக்கை வரவில்லை. கழுத்தைத் திருப்பிக் கம்பிப் பக்கம் தேடினான்.

"அக்கா, இவரு நெசமா?"

செண்பகம் நடுவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"நெசந்தாண்டா. இப்பத்தான் வந்திருக்காரு."

அருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டான். நடுவர் முன்னால் கைகட்டி நின்றான்.

"ஆஜருங்கய்யா," என்றான்.

முருகவேள் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கே வாரண்டைத் திரும்பப் பெறுகிறேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறேன், அடித்தவர்கள் யாரென்று விசாரிக்கிறேன் என்று தடுமாறிச் சொல்லிக்கொண்டே போனார். கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"அத உள்ள வை," என்றார் மங்கையர்க்கரசி. "நாளைக்குக் காலையில உன் கோர்ட்டுல பேர் கூப்பிடுவாங்கள்ல, எங்க நின்னுகிட்டுக் கூப்பிடுவாங்க? அத மொதல்ல சொல்லு."